பைக்கு முந்நூறு கிராம்

எடையக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று யாராவது சொன்னால், சொன்னவருக்கு அவளைச் சரியாகத் தெரியாது என்று அர்த்தம். அவள் கோபம் அவளுக்கு நாலடி முன்னால் நடந்து வரும். அவள் பின்னால் வந்து சேர்ந்துகொள்வாள். அந்தச் சலவைக்கூடத்தில் பாய்லர் இரண்டு, ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, இன்னொன்று தராசுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று இஸ்திரி போடும் பெண்கள் சிரிப்பார்கள். அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுதான்.

விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்பும் துண்டும் தடித்த துணிப்பைகளில் கட்டிக்கொண்டு வந்து பின்வாசலில் இறங்கும். ஒவ்வொரு பையையும் தராசில் ஏற்றி எடை எழுதுவது அவள் வேலை. அந்த எடையை வைத்துத்தான் எந்தத் துணி எந்த இயந்திரத்துக்கு, எவ்வளவு சோப்புத்தூள் என்பதெல்லாம் முடிவாகும். தூள் குறைந்தால் அழுக்கு அப்படியே நிற்கும். கூடினால் படுத்தவர்களுக்கு உடம்பு அரிக்கும். பைத் துணியே முந்நூறு கிராம் இருக்கும் என்பதால், தராசு காட்டும் எண்ணில் முந்நூறை மனதுக்குள்ளேயே கழித்துவிட்டு மீதியைத்தான் எழுதுவாள். பதினோரு வருஷத்தில் அவள் எழுதிய எடை தப்பு என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை. திறந்திருந்தால் அந்த வாய் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கதை.

பாய்லர் அறைக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான முற்றம். சுவரில் சூடான குழாய் ஓடுவதால் அங்கே எப்போதும் ஆறேழு பூனைகள் கிடக்கும். எலி துணிப்பைகளைக் கடிக்காமல் இருக்கட்டும் என்று அவற்றை யாரும் விரட்டுவதில்லை. வீட்டுப் பூனையும் இல்லை, காட்டுப் பூனையும் இல்லை. தட்டுக்கு வரும், கைக்கு வராது. அதில் ஒரு தாய்ப்பூனைக்கு ‘மேனேஜரம்மா’ என்று பெயர். வருவாள், எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பாள், ஒரு வேலையும் செய்யமாட்டாள், போய்விடுவாள்.

போன முறை மேனேஜரம்மா நாலு குட்டி போட்டாள். நாலுக்கும் வயிறு மேளம் மாதிரி உப்பியிருந்தது. “பாருங்கடி, எப்படிக் கொழுகொழுன்னு வளருதுங்க!” என்று எடையக்காதான் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பத்தே நாளில் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. கடைசிக் குட்டி அவள் கண்ணெதிரே வாந்தி எடுத்தது. அதில் வெள்ளை வெள்ளையாக நூல்போல என்னவோ கிடந்தது. அந்த நூல் நெளிந்தது.

அன்றைக்கு வந்த கோபம் அவளை விட்டு இறங்கவே இல்லை. சாவு எல்லோருக்கும் உண்டு, சரி. ஆனால் உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துக் கொழுப்பு என்று நம்பினேனே, ஊரைக் கூட்டிக் காட்டினேனே என்ற எரிச்சல் அவளுக்கு. அடுத்த ஈற்றில் ஒரு குட்டியைக்கூடப் புழுவுக்குக் கொடுக்கமாட்டேன் என்று அந்த முற்றத்தில் நின்று சொன்னாள். கேட்டது பூனைகள் மட்டும்தான்.

மேனேஜரம்மா மறுபடி மூன்று குட்டி போட்டதும் எடையக்கா கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள்.

“தாய்ப்பால் வழியாவே குட்டிக்குப் பூச்சி போயிடும்மா. அதனால பெருசுங்களுக்கு மாத்திரை, குட்டிங்களுக்குச் சிரப்பு. கிலோவுக்கு ஒரு மில்லி. அஞ்சாவது வாரத்துல ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ. கூட்டிட்டு வர முடியுமா?”

“கிட்டயே வராதுங்க டாக்டர். கை நீட்டினா கையைத்தான் கொண்டு போகும்.”

“அப்ப ஒவ்வொண்ணையும் எடையாவது போட்டுடுங்க. அளவு குறைஞ்சா பூச்சி சாகாது. கொஞ்ச நேரம் மயங்கிக் கிடந்துட்டு எழுந்து மறுபடி தின்ன ஆரம்பிச்சிடும்.”

எடை! இதைக் கேட்டதும் எடையக்காவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்றுதானே உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது; எடை போடுவது யார் என்று கேட்டிருந்தால் கை தூக்கியிருப்பாளே.

பின்வாசல் முற்றத்தை ஒட்டித்தான் இருந்தது, தராசு மேடையும் தரையோடு ஒட்டினாற்போல இருக்கும். சாயங்காலம் கடைசி மூட்டை உள்ளே போனதும் மேடையின் நடுவில் ஒரு தட்டை வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, தட்டில் துளி மீனைப் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். நாலு நாள் ஒரு பூனையும் மிதிக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு கிழட்டுக் கடுவன் ஏறியது. அப்புறம் ஒவ்வொன்றாய் ஏறின. எண்ணைப் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள், பிறகு மேடையைக் கிருமிநாசினி ஊற்றித் துடைப்பாள். நோட்டில் ஒரு பூனைக்கு ஒரு பக்கம். மருந்து நாளில் சோப்புத்தூள் டப்பாக்களின் மூடிகளை எட்டடிக்கு ஒன்றாகப் பரப்பி, ஆளுக்கு ஒரு மூடியில் மசித்த மீனும் அதன் அளவு மருந்தும் வைத்து, துடைப்பத்தோடு காவல் நிற்பாள். ஒன்று இன்னொன்றின் மூடிக்கு வந்தால் துடைப்பம் பேசும்.

பெரிய பூனைகள் ஒரே மாதத்தில் தேறின. மேனேஜரம்மாவின் முதுகில் ரோமம் பளபளத்தது. கடுவன் சுவரேறிக் குதிக்க ஆரம்பித்தது.

குட்டிகள்தான் தேறவில்லை. சாம்பல், கருப்பி, வெள்ளைக் காலுள்ள சாக்ஸ் என்று மூன்று. முதல் தடவை எடை போட்டபோதே நோட்டில் சாம்பலுக்கு இருநூறு கிராம், மற்ற இரண்டுக்கும் இருநூற்றைம்பது. “அஞ்சு வாரக் குட்டி இருநூறு கிராமா? அடப்பாவிங்களா, எலும்பைக்கூட விடாம தின்னுறீங்களாடா!” என்று புழுக்களைத் திட்டினாள். அந்த அளவுக்கு மருந்தை சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி மீனில் ஊற்றினாள். இரண்டு வாரம் கழித்து சாம்பல் முந்நூற்றைம்பது, மற்ற இரண்டும் நானூறு. வயிறு மட்டும் அப்படியே உப்பல். மறுபடி மருந்து. மறுபடியும் அதே வயிறு.

மருந்து கொடுத்தும் புழு சாகவில்லை என்றால் யாரோ கெடுக்கிறார்கள். அது யார் என்று தேட அவளுக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

பாய்லர் பார்ப்பவன் அவள் கொழுந்தன்தான். கணவனின் ஒரே தம்பி. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன், மாடி அறையில் படுக்கை, சாப்பாடு அண்ணி கையால். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். பூனைகளிடம் மட்டும் என்னவோ முணுமுணுப்பான். மருந்து நாளுக்கு முந்தின இரவு பூனைகளுக்கு ஒன்றும் வைக்கக்கூடாது, பசித்தால்தான் மருந்து கலந்ததைத் தின்னும் என்று அவள் எல்லோருக்கும் உத்தரவு போட்டிருந்தாள். இரண்டாவது மருந்தன்று காலையில் வந்து பார்த்தால், குழாய்க்குக் கீழே ஒரு கிண்ணம், கிண்ணத்தில் பால், பாலில் மூன்று மூஞ்சி.

“தம்பி! இது யார் வேலை?”

“கத்துச்சுங்க அண்ணி.”

“கத்தினா? கத்தினா ஊத்திடுவியா? நான் ஒரு மாசமா மூடி மூடியா வெச்சுக் காவல் காக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? நீ ஊத்துற பால்ல மருந்து கரைஞ்சு போகுது, தெரியுமா?”

“கொஞ்சூண்டுதான்…”

“கொஞ்சூண்டு விஷமும் விஷம்தான்!”

கிண்ணத்தை உதைத்தாள். அது உருண்டு போய்ச் சுவரில் மோதியது. பூனைகள் நாலு திசைக்கும் பறந்தன. அவன் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனான். அவன் ஒன்றும் சொல்லாததே அவளுக்கு இன்னும் எரிந்தது.

அன்று மத்தியானமே சிரப்பு வாங்கிய கால்நடை மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கோழித் தீவனம் நிறுத்துக்கொண்டிருந்தார். கடையில் பத்துப் பேர் நின்றார்கள்.

“இந்தச் சிரப்புல என்னத்தக் கலந்து விக்கிறீங்க? தண்ணியா?”

“என்னம்மா பேசுறீங்க? மூடி திறக்காத பாட்டில் அது.”

“அப்ப ஏன் பூச்சி சாகலை?”

கடைக்காரர் தீவனக் கரண்டியைக் கீழே வைத்தார். “எடைய ஒழுங்காப் பாத்தீங்களா? நிறையப் பேரு அங்கதான் தப்பு விடுவாங்க.”

ஐயோ! இதைவிட அவர் அவள் தலையில் கல்லைப் போட்டிருக்கலாம். “யாரைப் பாத்து என்ன கேக்கிறீங்க? கொல்லன் தெருவுலயே ஊசி விக்கிறீங்களா? பதினோரு வருஷமா ஒரு நாளைக்கு இருநூறு பை எடை போடுறேன். கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன். களவாணித்தனம் பண்ணிட்டு எடையச் சொல்றீங்களா? இந்தக் கடையில யாரும் மருந்து வாங்காதீங்க, எல்லாம் தண்ணி!” என்று அந்தப் பத்துப் பேரிடமும் திரும்பிச் சொல்லிவிட்டு வந்தாள். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டில் கணவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். அவன் அதே சலவைக்கூடத்தில் வேன் ஓட்டுகிறவன். “கோபம் இருக்கிற இடத்துல குணம் இருக்கும்பாங்க. கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம் ஆச்சு. குணம் எந்த வண்டியில வருதுன்னு சொன்னா நானே போய் ஏத்திட்டு வந்துடுவேன்” என்றான். தட்டைத் தரையில் ‘ணங்’கென்று வைத்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்த கொழுந்தன், வந்த சத்தம் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே போய்விட்டான்.

இரண்டாவது மருந்து கொடுத்த எட்டாம் நாள் காலை சாம்பல் செத்துக் கிடந்தது.

பாய்லர் அறைக்குள், கொழுந்தனின் பழைய செருப்பின் மேல் சுருண்டு படுத்தபடியே. வாயோரம் ஒரு வெள்ளை நூல். எடையக்கா அதைப் பார்த்தாள். பக்கத்தில் காலிக் கிண்ணம் இருந்ததையும் பார்த்தாள். அவ்வளவுதான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி; அந்த நேரம் அவளிடம் அந்த மட்டும்கூட இல்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

“பாய்லர் ஆள் பாய்லரைப் பாக்கிறதில்லை சார். எரியற பாய்லரை விட்டுட்டுப் பின்னால போய்ப் பூனையோட உக்காந்திருக்காரு. ஒரு நாள் இல்ல, தினமும்.”

“உங்க கொழுந்தன்தானேம்மா?”

“வேலையில கொழுந்தனும் கிடையாது, கொண்டானும் கிடையாது.”

மேனேஜருக்கு வேண்டியதும் அதுதான். பாய்லருக்குச் சொந்தத்தில் ஒரு ஆளைப் போட அவர் ரொம்ப நாளாகக் காத்திருந்தார். மத்தியானத்துக்குள் கொழுந்தன் அழுக்குத்துணிப் பிரிவுக்குப் போய்விட்டான். சலவைக்கூடத்திலேயே கடைசி வேலை அது. வாந்தியும் ரத்தமும் இன்னும் என்னென்னவோ பட்ட விரிப்புகளைக் கையுறை போட்டுப் பிரித்து எடுக்க வேண்டும். நாற்றம் தலைமுடியிலேயே தங்கிவிடும்.

அன்று சாயங்காலம் கணவன் சிரிக்கவில்லை. வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டான்.

“என் தம்பிய மேனேஜர்கிட்ட நீ போட்டுக் குடுத்தியா?”

“பால ஊத்தினது யாரு? குட்டி செத்தது யாரால?”

“அவன் அதைத் தூக்கிட்டுப் போய் முருங்கை மரத்தடியில புதைச்சுட்டு அழுதுட்டு இருந்தான். நான் பாத்தேன்.”

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்!”

 கணவன் போய்ப் படுத்துக்கொண்டான். கொழுந்தன் அன்று சாப்பிட இறங்கி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போட்டு மூடி வைத்த சோறு மூடியபடியே இருந்தது. அவளும் வீம்புக்குத் தினமும் போட்டு வைத்தாள்.

பால் நின்றது. பாய்லர் அறைக் கதவைப் புது ஆள் சாத்தியே வைத்தான். இனி குட்டிகள் தேறத்தானே வேண்டும்? மூன்றாவது மருந்து நாளுக்கு எடை போட்டபோது நோட்டில் சாக்ஸுக்கு அதே நானூறு. ஒரு கிராம்கூட ஏறவில்லை. மூடியில் வைத்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது. மறுநாள் காலை அதனால் எழுந்திருக்க முடியவில்லை.

கைக்கு வராத குட்டி அன்று கைக்கு வந்தது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. துண்டில் சுருட்டினாள், இருந்த கொஞ்ச உயிரிலும் அது கட்டை விரலைக் கடித்துவிட்டுத்தான் அடங்கியது. “கடி, கடி, நல்லாக் கடி, கடிக்கவாவது தெம்பு இருக்கே” என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

டாக்டரம்மா முதலில் அவள் விரலைக் கழுவச் சொன்னாள். பிறகு குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், ஈறைப் பார்த்தாள். “உள்ள நிறைய இருக்கே. மருந்து குடுக்கலையா?”

“மூணு தடவை டாக்டர்! மூணாவதைத்தான் இது தொடலை. இந்தாங்க நோட்டு. என் கொழுந்தன் பால ஊத்திக் கெடுத்துட்டான்.”

“பால் குடுத்தா வயிறு கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். மருந்தைக் கெடுக்காது. மாத்திரை கலந்ததைத் தின்ன வைக்கத்தான் பட்டினி.” டாக்டரம்மா நோட்டைப் புரட்டினாள். “நானூறு கிராமா? ஒம்பது வாரக் குட்டியா?” குட்டியைத் தூக்கி மேஜைத் தராசில் வைத்தாள். “எழுநூறு.”

“உங்க தராசு தப்பு.”

“நேத்துத்தான் சரிபார்த்துட்டுப் போனாங்கம்மா.”

“அப்ப அவங்களும் தப்பு! நேத்து சாயங்காலம் நானே போட்டேன். ஒரே ராத்திரியில முந்நூறு கிராம் ஏறுமா? படுத்த படுக்கையா கிடக்கிறது? உங்க தராசைத் தூக்கிக் குப்பையில போடுங்க!”

 டாக்டரம்மா எழுநூறுக்கு உண்டான மருந்தை ஊற்றி, தோலுக்கடியில் நீர் ஏற்றி, இரண்டு நாள் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்று குட்டியைத் துண்டோடு திருப்பித் தந்தாள். “உங்க தராசுல மறுபடி ஒரு தடவ போட்டுப் பாருங்க” என்றாள். “பாக்கத்தான் போறேன்!” என்று எடையக்கா வாசலைத் தாண்டினாள்.

பின்வாசலில் ஒருவரும் இல்லை. இறங்காத மூட்டைகள் சுவரோரம் குவிந்திருந்தன. தட்டை வைத்தாள். முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். துண்டிலிருந்து சாக்ஸை எடுத்துத் தட்டில் கிடத்தினாள். நோட்டைத் திறந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.

முள் ஆடி நின்றது. எழுநூறு.

அவள் பார்த்தாள், எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள்.

நானூறு.

மறுபடி முள்ளைப் பார்த்தாள். எழுநூறுதான். நோட்டைப் பார்த்தாள். நானூறுதான். நடுவில் யாரும் வரவில்லை. கடைக்காரர் வரவில்லை, கொழுந்தன் வரவில்லை. கண் எழுநூறு என்று பார்த்தது, கை நானூறு என்று எழுதியது. பைக்கு முந்நூறு. பையே இல்லாத குட்டிக்கும் பைக்கு முந்நூறு.

 பெரிய பூனைக்கு மூன்று கிலோவில் முந்நூறு போனால் மருந்து கொஞ்சம்தான் குறையும், பிழைத்துக்கொண்டது. குட்டிக்குப் பாதியே போய்விட்டது. ஐந்நூறு கிராம் சாம்பலுக்கு இருநூறின் மருந்து. அறுநூற்றைம்பது கிராம் சாம்பலுக்கு முந்நூற்றைம்பதின் மருந்து. புழு மயங்கிக் கிடந்துவிட்டு எழுந்து தின்றிருக்கிறது. அவளும் துடைப்பத்தோடு காவல் நின்றிருக்கிறாள்.

“த்தூ!” என்று தன் வலது கையைப் பார்த்துச் சொன்னாள். “உன்னை வெட்டிப் போட்டா என்ன?”

திட்டுவதற்கு அவளுக்கு எப்போதும் எதிரில் ஒரு ஆள் இருந்தது. அன்றைக்கு இல்லை. இருந்த கோபம் முழுக்க உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

சாக்ஸைத் துண்டோடு அணைத்துக்கொண்டு அழுக்குத்துணிப் பிரிவுக்குப் போனாள். கொழுந்தன் முழங்கை வரை கையுறையோடு ஒரு விரிப்பை உதறிக்கொண்டிருந்தான். சுற்றி ஏழெட்டுப் பேர் வேலையில் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம்தான். ஆனால் மேனேஜரிடம் சொன்னது கூடம் முழுக்கத் தெரியும், இதுவும் தெரியட்டும்.

“தம்பி, உன் பால்ல ஒண்ணும் இல்ல. மருந்துலயும் ஒண்ணும் இல்ல. எடையத் தப்பா எழுதினது நான். பூனைக்கும் பைக் கழிவு போட்டிருக்கேன். சாம்பலைக் கொன்னது நான்தான்.”

 அவன் விரிப்பைக் கூடையில் போட்டான். அடுத்ததை எடுத்தான். அதை உதறாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

“அது என் செருப்புலதான் படுத்துக்கும் அண்ணி” என்றான். பிறகு விரிப்பை உதறினான். 

அவள் மேனேஜரிடம் போனாள். சொன்னது எல்லாம் பொய், பாய்லரை அவன் ஒரு நாளும் விட்டுப் போனதில்லை, திருப்பிப் போடுங்கள் என்றாள். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“புது ஆள் போட்டாச்சும்மா. நீங்க இன்னைக்கு ஒண்ணு சொல்வீங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வீங்க, அதுக்கெல்லாம் ஆள மாத்திட்டே இருக்க முடியுமா?”

“அப்ப என்னை மாத்துங்க. நான் அழுக்குத் துணிக்குப் போறேன். எடைக்குத் தம்பி உக்காரட்டும். படிச்சவன்தான், எண்ணு தெரியும்.”

“ஒரு பூனைக்குட்டிக்காகவா?” என்று மேனேஜர் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அவள் பேசியது இஸ்திரிப் பிரிவு வரை கேட்டது. பூனைக்குட்டி என்றால் இளப்பமா, அது செத்தது சாவு இல்லையா, ஒரு புகாரை ஒரு வார்த்தை விசாரிக்காமல் சொந்தக்காரனைக் கொண்டுவந்து உட்காரவைத்தது யார், நான் பொய் சொன்னேன் சரி, அதைக் கேட்டு ஆதாயம் பார்த்தது யார் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டாள். மேனேஜர் தண்ணீர் குடித்தார். “எனக்கென்னம்மா, எடைக்கு ஒரு ஆள் வேணும், அழுக்குக்கு ஒரு ஆள் வேணும். யார் எங்க இருந்தா என்ன?” என்று தாளில் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் கருப்பிக்கு மறுபடி சரியான அளவில் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அவள் மூடியும் மீனும் சிரிஞ்சுமாக முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். தராசுப் பக்கம் கொழுந்தன் வந்து நின்றான், அவளைப் பார்க்காமல். கருப்பி தட்டில் ஏறியது.

“தொள்ளாயிரம்” என்றான்.

அவள் கை சிரிஞ்சை இழுத்து அறுநூறுக்கான கோட்டில் நின்றது. அவன் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தான். “இன்னும்” என்றான். இன்னும் இழுத்தாள். “இன்னும் கொஞ்சம்.” இழுத்தாள். “ம்.”

மறுநாள் காலை மருந்துக் கடைக்குப் போனாள். கடையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, கூட்டம் சேரும் வரை காத்திருந்தாள். பத்துத் தலை எண்ணியதும் எழுந்தாள். “அன்னிக்குப் பத்துப் பேருக்கு முன்னால இவரக் களவாணின்னு சொன்னேன். தப்பு என்னுது. எடையில தப்பு விட்டது நான். மருந்து நல்ல மருந்து, எல்லாரும் வாங்குங்க!” என்று சண்டைக்கு நிற்கிற குரலிலேயே சொன்னாள். கடைக்காரர் அவள் போகும்வரை வாயைத் திறக்கவில்லை. மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான்.

அதற்கடுத்த நாள் மத்தியானம், அழுக்குத்துணிப் பிரிவின் வாசலில் கொழுந்தன் தலை தெரிந்தது.

“அண்ணி. விழுந்துடுச்சு.”

கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். முற்றத்து மண்ணில், கருப்பி தோண்டி மூடாமல் விட்டுப்போன இடத்தில், வெள்ளை நூல் பந்தாகக் கிடந்தது. சாக்ஸை அடைத்து வைத்திருந்த கூடையின் காகிதத்திலும் அதேபோல இன்னொரு பந்து. சாக்ஸ் கூடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பசி பொறுக்காமல், காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

“வாங்கடா வெளிய! சாவுங்கடா! ரெண்டு மாசம் உக்காந்து தின்னீங்கல்ல, தின்னீங்கல்ல!” என்று எடையக்கா அந்தப் புழுக்களின் மேல் சுண்ணாம்பைக் கொட்டினாள், மறுபடி கொட்டினாள். கொட்டக் கொட்ட அழுதாள். இஸ்திரிப் பெண்கள் சன்னலில் நின்று பார்த்தார்கள், ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அழுது ஓய்ந்து திரும்பியபோது தராசு மேஜையில் நோட்டு திறந்து கிடந்தது. சாம்பலின் பக்கம். அவள் எழுதிய இருநூறை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ஐந்நூறு என்று எழுதியிருந்தது. முந்நூற்றைம்பதை அடித்து அறுநூற்றைம்பது. கொழுந்தனின் கையெழுத்து. இத்தனை நாள் அவன் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அந்த இரண்டு எண்தான் என்று அவளுக்குப் பட்டது.

“திட்டிடு தம்பி” என்றாள். “ஒரே ஒரு தடவ திட்டிடு. கேட்டுக்கிறேன்.”

அவன் ஒரு மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தான். முள் நிற்கும்வரை பார்த்தான். முந்நூறு கழித்து எழுதினான்.

“திட்டினா உங்களுக்கு லேசாயிடும் அண்ணி. திட்டமாட்டேன்.”

 அவள் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். வாசலைத் தாண்டப் போகையில் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது.

“ராத்திரிக்குச் சோறு இருக்குமா?”

“இருக்கும்” என்றாள், திரும்பாமல். “தினமும்தான் போட்டு வெக்கிறேன்.”

அழுக்குத்துணிப் பிரிவுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து விரிப்புகளை உதற ஆரம்பித்தாள்.